எய்தவனைக் கேட்காத கோபம்

“மைனர் கேஸ் சார். கோர்ட்டும் ஒண்ணும் பண்ணாது, நாங்களும் ஒண்ணும் பண்ண முடியாது.” திருப்பதி நெரிசலில் செல்போனைப் பறிகொடுத்தவர் காதில் விழக்கூடிய ஆறுதல் இது. பத்திரிகைகள் இதையே கொஞ்சம் இலக்கணம் சேர்த்து எழுதுகின்றன. சித்தூர் பேருந்து நிலையத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இன்னும் ஒரு படி மேலே போவார்: “பதினெட்டு ஆகலைன்னா கொலையே பண்ணலாங்க, மூணு வருஷத்துல வந்துடலாம். இந்தச் சட்டந்தான் பசங்களைக் கெடுக்குது.” அவர் தமிழில் சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர் தெலுங்கில் ஆமோதிப்பார்.

எல்லைக்கு இந்தப் பக்கம், வேலூரிலும் திருவண்ணாமலையிலும் பேச்சு மாறுவதில்லை. கட்சி, சாதி, மொழி பார்க்காமல் நம் ஊரில் எல்லோரும் ஒத்துப்போகிற சில விஷயங்களில் இதுவும் ஒன்று. சட்டம் இளகிவிட்டது, பையன்கள் துணிந்துவிட்டார்கள், ஆகவே வயதைக் குறை, தண்டனையைக் கூட்டு, ஜுவைனல் ஹோமுக்குப் பதில் ஜெயிலில் போடு.

கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் இவர்கள் திட்டுகிற அந்த இளகிய சட்டம் நாட்டில் இல்லை.

இளைஞர் நீதிச் சட்டம் கடைசியாகப் பெரிய அளவில் மாற்றி எழுதப்பட்டது 2015-ல். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் கொடுமையில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன. மூன்றாண்டு முடிந்து 2015 டிசம்பர் 20-ல் அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவின்படி, குறைந்தபட்சமே ஏழாண்டுத் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தைப் பதினாறு நிரம்பியவன் செய்ததாகக் குற்றச்சாட்டு வந்தால், அவனுடைய மன முதிர்ச்சியை ஆராய்ந்துவிட்டு, பெரியவர்களைப் போலவே அவனை விசாரிக்க அனுப்பலாம். தூக்கு தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் மட்டுமே விதிக்கக் கூடாதவை. அதாவது, டீக்கடை பெஞ்சு இன்று கேட்பதை நாடாளுமன்றம் பத்தாண்டுக்கு முன்பே கொடுத்துவிட்டது. கேட்டது கைக்கு வந்த பிறகும் அதே குறையைப் பாடிக்கொண்டிருந்தால், கேட்டதில்தான் கோளாறு.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். டெல்லிச் சம்பவம் நாட்டையே கொதிக்க வைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தைத் தலைகீழாக மாற்றச் சொன்ன அதே குழு, சிறார் வயதை மட்டும் குறைக்க வேண்டாம் என்றது. வயதைக் குறைக்கக் கோரிய சலில் பாலி வழக்கை அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. விவரம் தெரிந்தவர்கள் நிதானமாகப் படித்துப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொன்னதைத்தான் பிறகு அவசரமாகச் செய்தோம்.

எண்ணிக்கையைப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டு நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. அதற்கு முந்தைய ஆண்டு 31,170. 2022-ல் பதிவான மொத்தக் குற்றங்கள் 58 லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு வழக்குக்கு ஒன்றுதான். மீதி நூற்றெண்பத்தொன்பதையும் செய்தவர்கள் வாக்குரிமை உள்ள பெரியவர்கள். ‘பசங்க கெட்டுப்போயிட்டாங்க’ என்று தலையங்கம் எழுதும்போது இந்த விகிதத்தையும் ஒரு மூலையில் போடலாம். அந்த ஆண்டு பிடிபட்ட சிறாரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்தாவதோடு நின்றவனுக்குப் படிப்பும் இல்லை, முறையான வேலையும் இல்லை என்கிற இரண்டு வருட இடைவெளி அது.

பிறகு ஏன் எல்லாப் பையனும் தப்பித்துவிடுகிறான் என்று தோன்றுகிறது? புனே ஒரு காரணம். 2024 மே 19 அதிகாலையில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன். முந்நூறு வார்த்தையில் விபத்தைப் பற்றிக் கட்டுரை எழுது என்று நிபந்தனை. நாடே காறித் துப்பியது, துப்ப வேண்டியதுதான். ஆனால் அந்த வழக்கில் ரத்த மாதிரியை மாற்றியதாகக் கைதானவர்கள் அரசு மருத்துவமனை டாக்டர்கள். அங்கே வேலை செய்தது பணம். பணக்கார வீட்டுப் பிள்ளையின் மீது வந்த ஆத்திரத்தை நாம் எடுத்துக்கொண்டுபோய் யார் தலையில் இறக்குகிறோம் என்பதுதான் என் கேள்வி. போர்ஷே ஓட்டுகிறவன் சேஷாசலம் காட்டில் கோடரி பிடிப்பதில்லை.

அந்தக் காட்டுக்கு வருவோம். செம்மரம் தானாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சிறு துண்டில்தான்: சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, நல்லமலையின் ஓரங்கள். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கள்ளத்தனமாகப் போகிற சரக்கு. வெட்டுகிற கை பெரும்பாலும் நம்முடையது: ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன் மலைகளின் மலையாளிப் பழங்குடி மக்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை ஒட்டிய காட்டில் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. அது போலி என்கவுன்டர் என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஆந்திரச் சிறைகளில் ஆயிரக்கணக்கான தமிழ்நாட்டுக் கூலிகள் அடைபட்டிருந்தார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் மீசை முளைக்காதவர்களும் உண்டு.

அவர்களில் ஒருவனை வைத்துப் பார்ப்போம். பெயர் வேண்டாம், சிறாரின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 74-ஆம் பிரிவே சொல்கிறது, நான் சொல்கிற பையனோ ஓர் உதாரணம்தான். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஊர். பத்தாவது எழுதவில்லை. சாமை அறுப்பு முடிந்து கையில் வேலை இல்லாத மாதம். மேஸ்திரி வருகிறான். பெயின்ட் அடிக்கிற வேலை, ஒரு வாரம், சாப்பாடு போட்டு இவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுக்கிறான். மேஸ்திரி வெளியாள் இல்லை; அதே மலைக்காரன் அல்லது அடிவாரத்துக்காரன், போன வருடம் அண்ணனையும் கூட்டிப்போனவன். பையன் வேனில் ஏறுகிறான். எல்லை தாண்டிய பிறகுதான் அரிசி மூட்டையும் கோடரியும் கைக்கு வருகின்றன. மூன்றாவது நாள் பாக்கராப்பேட்டை காட்டில் வனத்துறை வளைக்கிறது. முன்னால் பைக்கில் வழிகாட்டிப் போனவன் ஓடிவிடுகிறான். மரத்துக்குச் சொந்தக்காரன் அந்தக் காட்டுப் பக்கமே வந்தவன் இல்லை. பிடிபடுவது கோடரி வைத்திருப்பவன்.

இப்போது காவல் நிலையத்தில் அவன் வயதை எழுத வேண்டும். பதினேழு என்று எழுதினால் வேலை கூடும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தைநல போலீஸ் அதிகாரி என்று ஒருவர் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும், பையனை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர்கள் இருப்பது இன்னொரு மாநிலத்து மலையில். குடும்பப் பின்னணி அறிக்கை எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பத்தொன்பது என்று எழுதிவிட்டால் இத்தனையும் மிச்சம்; மற்ற கூலிகளோடு ஒரே வண்டியில் ஏற்றி ரிமாண்டுக்குக் கொண்டுபோய்விடலாம். பையனுக்குத் தெலுங்கு தெரியாது. அவனுக்கு என்ன வயது எழுதினார்கள் என்பது அவனுக்கே ஜெயிலில்தான் தெரியவரும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எண். ஐப்ரோபோனோ என்ற அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நாட்டின் மத்திய, மாவட்டச் சிறைகளைக் கேட்டு 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ பாதிச் சிறைகள்தான் பதில் சொன்னன. சொன்ன பாதியிலேயே, 2016 முதல் 2021 வரையிலான ஆறு ஆண்டுகளில், பெரியவர்களின் சிறையில் தவறாக அடைக்கப்பட்டுப் பிறகு சிறார் என்று தெரிந்து மாற்றப்பட்டவர்கள் 9,681 பேர். கண்டுபிடிக்கப்படாமல் உள்ளேயே வயது வந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சட்டம் பையன்களைக் கொஞ்சுகிறது என்கிறார்களே, அந்தக் கொஞ்சல் வருடத்துக்கு ஆயிரத்து அறுநூறு பையன்களை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறது.

நம் பையனின் அம்மா அவன் வயதை நிரூபிக்கக் கிளம்புகிறாள். மலையிலிருந்து இறங்கி போளூர், வேலூர், சித்தூர், திருப்பதி என்று பஸ் மாறி மாறி வருகிறாள். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார் அட்டையும் ரேஷன் கார்டு நகலும். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. மலையில் பலருக்கு அதுதான் பிறந்த நாள், கணினிக்காரர் வருடத்தை மட்டும் கேட்டு அடித்தது. சட்டத்தின் 94-ஆம் பிரிவு கேட்பது ஆதாரை இல்லை. முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. ஆக அவள் திரும்பிப்போய் டி.சி. வாங்கி வர வேண்டும். ஆறாவது வகுப்பில் சேர்த்தபோது வாத்தியார் ஒரு தோராயத்தில் போட்ட தேதி அதில் இருக்கும். அந்த ஒரு தாளுக்காகத் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் இன்னொரு நாள். அதற்குள் பையன் ஜெயிலில் இரண்டு மாதம் இருந்துவிடுவான். இரண்டு மாதத்தில் அங்கே அவனுக்குக் கிடைப்பது இன்னும் பெரிய மேஸ்திரிகளின் செல் நம்பர்.

இப்படிச் சிக்கும் பையன்களுக்காகவே பெரியவர் சிறைகளைத் தவறாமல் சோதித்து, சிறார் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது குழுமத்தின் கடமை என்று சட்டம் வைத்திருக்கிறது. வெளியூர்ப் பையன் என்று தெரிந்தால் அவன் சொந்த ஊர்க் குழுமத்துக்கே வழக்கை மாற்றலாம். அது 95-ஆம் பிரிவு. சந்திரகிரியில் பிடிபட்டவனைத் திருவண்ணாமலைக்கு அனுப்பினால் அம்மா வாரம் ஒருமுறை பார்க்கலாம், நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரிக்கலாம், குழுமத்தில் கேட்கிற கேள்வி அவனுக்குப் புரியும். மேடை கூடாது, கூண்டு கூடாது, போலீஸ் சீருடையில் வரக் கூடாது என்று இந்தக் குழுமத்துக்கு விதி இருப்பதே பையன் பயமில்லாமல் வாய் திறந்து பேசத்தான். தெலுங்கில் நடக்கும் விசாரணைக்கு நடுவே தமிழ்ப் பையன் எதைப் பேசுவான்?

அடுத்து மேஸ்திரி. என் மறுப்பின் மையமே இவன்தான், இவனைப் பற்றி எந்தத் தலையங்கமும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு, சட்டவிரோதக் காரியத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. 78-ஆம் பிரிவு, மதுவையோ போதைப்பொருளையோ கடத்தக் குழந்தையைப் பயன்படுத்தினால் அதற்கும் ஏழாண்டு வரை என்கிறது. பிச்சை எடுக்க வைத்தால் 76. இவை போதாதென்று 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவு, குற்றம் செய்யக் குழந்தையை அமர்த்துகிறவருக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பத்தாண்டு என்கிறது. பையன் அந்தக் குற்றத்தைச் செய்துவிட்டால், அமர்த்தியவனே செய்ததாகக் கருதித் தண்டிக்கலாம். (பையனைச் சொந்த ஊருக்கு மாற்றச் சொல்வதும் 95, அவனை அனுப்பியவனை உள்ளே போடச் சொல்வதும் 95. இரண்டு வேறு சட்டங்கள். எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்.)

செம்மரக் காட்டில், விசாகப்பட்டினத்துக்கு அப்பாலிருந்து இறங்கித் தமிழ்நாட்டுக்குப் போகும் கஞ்சா மூட்டையில், திருமலைக் கூட்டத்தில் பெண்களின் கழுத்துச் சங்கிலியைக் குறிவைக்கும் கும்பலில், ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் ஓடிப்போன பிள்ளைகளை வளைப்பவர்களில், எங்கும் பையனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் பையனைத் தேர்ந்தெடுப்பதே மலிவு என்பதாலும், பிடிபட்டாலும் தன் பெயரைச் சொல்லத் தெரியாதவன் என்பதாலும்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பாட்டிமார்களே கேட்டுவிட்டுப் போனார்கள். கடுமை வேண்டும், தயவு தாட்சண்யம் கூடாது என்று முழங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தக் கடுமையை இந்த மேஸ்திரி மேல் காட்ட வேண்டும் என்று ஒரு கூட்டமாவது போட்டிருக்கிறீர்களா? 83-ஆம் பிரிவில் ஒருவன் தண்டனை பெற்றான் என்று கடைசியாக எப்போது படித்தீர்கள்? சட்டம் இளகியதா கடினமா என்று அளக்க ஆசைப்பட்டால் அங்கே அளக்க வேண்டும்.

“அடியாத மாடு பணியாது” என்று அடுத்த வாதம் வரும். இதைச் சொல்பவர்கள் பலர் கெட்டவர்கள் இல்லை. தம் பிள்ளையையும் அடித்து வளர்த்தவர்கள். அவர்களுக்குச் செங்கல்பட்டை நினைவூட்டுகிறேன். 1887-லிருந்தே சிறார் சீர்திருத்தப் பள்ளி இருந்த ஊர் அது; சென்னை மாகாணத்தில் இந்த முயற்சியே தொடங்கிய இடம். 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரம் ரயில்வே பகுதியில் பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையனை அங்குள்ள கூர்நோக்கு இல்லத்தில் அடைத்தார்கள். சில நாட்களுக்குள் அவன் செத்தான். அடித்தே கொன்றார்கள் என்று இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பேட்டரிக்கு ஓர் உயிர். பணிய வைக்கும் வைத்தியம் கடைசியில் போய் நிற்கிற இடம் இது. பிறகு தமிழ்நாடு அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தி இல்லங்களை ஆராயச் சொல்லியது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். கைதிகளைக் காவல் காக்கும் மனப்பான்மை கொண்டவர்களிடம் பிள்ளைகளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

கடுமையைப் பரிசோதித்துப் பார்த்த நாடும் உண்டு. அமெரிக்காவில் 1990-களில் ஈவிரக்கமற்ற ஒரு பையன் படையே கிளம்பப் போகிறது என்று ஜான் டிலூலியோ என்ற பேராசிரியர் எழுதினார். மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சிறாரைப் பெரியவர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் சட்டங்களைக் கூர்தீட்டின. அந்தப் படை வரவே இல்லை. சிறார் குற்றங்கள் அதே பத்தாண்டில் குறையத் தொடங்கின. தன் கணிப்பு தவறு என்று டிலூலியோவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2007-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பெரியவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட பையன்கள் சிறார் நீதிமன்றத்திலேயே இருந்தவர்களைவிட அதிகமாகத் திரும்பவும் வன்முறையில் இறங்கினார்கள் என்றது. ‘பதினாறு வயசுக்கு எல்லாம் தெரியும்’ என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தெரியும்தான். நான்கு நண்பர்கள் உசுப்பேற்றும்போது நிறுத்திக்கொள்ளத்தான் தெரியாது. அந்த வயதைக் கடந்தவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். தாங்கள் தப்பியது எத்தனை மயிரிழையில் என்பதும் தெரியும்.

‘இதெல்லாம் மேல்நாட்டு மனித உரிமைச் சரக்கு’ என்று ஒரு வாதம் வரும். அதற்குச் சித்தூரே பதில். குழந்தைகளுக்கென்று தனி நீதிமன்றமும் தனி நடைமுறையும் வேண்டுமென்று இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1920-ல். வங்காளமும் பம்பாயும் பிறகுதான் வந்தன. அன்று சித்தூர் சென்னை மாகாணத்து மாவட்டம், திருத்தணியும் அதற்குள்தான் இருந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்த பிறகும் அந்தச் சட்டம் அங்கே தொடர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே என்பீர்கள். நம் பழைய தண்டனைச் சட்டமும் அவன் காலத்ததுதான். அதை மட்டும் நூற்றறுபது வருடம் மார்போடு அணைத்து வைத்திருந்தோமே.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்றேன். சங்கிலியை இழந்த பெண், குத்துப்பட்டுத் திருப்பதி ரூயா மருத்துவமனையில் கிடப்பவர், மகனைப் பறிகொடுத்த தாய் என்று எவருக்குமே இந்தக் குழுமத்தின் கதவு திறப்பதில்லை. பையனின் அடையாளத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் பாதிக்கப்பட்டவரை வெளியே நிற்க வைத்துவிட்டோம். வழக்கு என்ன ஆயிற்று என்றுகூட அவருக்கு யாரும் கடிதம் போடுவதில்லை. இதில் எதிர்த் தரப்பு சொல்வது சரி, நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதற்கு மருந்து ஜெயிலில் இல்லை. பையன் பத்து வருடம் உள்ளே இருந்தாலும் அந்தப் பெண்ணுக்குச் சங்கிலி வராது, ஆஸ்பத்திரிச் செலவு வராது, ‘ஏன் என்னை?’ என்ற கேள்விக்குப் பதிலும் வராது. நியூசிலாந்தில் 1989 முதல் குடும்பக் கூட்டம் என்று ஒரு முறை சட்டத்திலேயே இருக்கிறது. பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, என்ன செய்தான், எப்படி ஈடுகட்டுவான் என்று பேசி முடிவெடுக்கிறார்கள். மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்தது. செய்ததைப் பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எந்தப் பையனுக்கும் லேசான தண்டனை இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து பார்த்துப் பழகிய நமக்கு, அதன் சாதித் திமிரையும் அபராத வெறியையும் கழித்துவிட்டு இப்படி ஒன்றை அமைப்பது இயலாத காரியமா?

இன்னொரு நியாயமான குறை, வழக்கு இழுத்தடிப்பது. நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். மூன்றாண்டு வரை தண்டனையுள்ள சிறு குற்றமென்றால் ஆறு மாதத்தில் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும். செல்போன் திருட்டு அந்த வகைதான். ‘மைனர் கேஸ் நிக்காது’ என்று போலீஸ்காரர் சலித்துக்கொள்வதன் பாதிக் காரணம் இதுதான். ஆனால் குழுமம் ஏன் உட்காரவில்லை? 2025 நவம்பரில் வந்த இந்திய நீதி அறிக்கை 362 குழுமங்களின் கணக்கைப் பார்த்து, 2023 அக்டோபர் முடிய பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடந்தன என்றது. நான்கில் ஒரு குழுமத்தில் உறுப்பினர் இடமே முழுதாக நிரப்பப்படவில்லை. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் குழுமம். அந்த இரண்டு நாற்காலியை நிரப்பாத அரசைக் கேட்காமல், எதிரே நிற்கும் பையனின் வயதைக் குறைக்கச் சொல்வது என்ன நியாயம்?

தண்டனை முடிந்த பிறகும் பையனை விடுவதில்லை. பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர, தண்டனை பெற்ற சிறாரின் பதிவுகள் உரிய காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும், அது எந்த வேலைக்கும் தடையாகக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. நடைமுறையில் நிலையத்து நோட்டில் அவன் பெயர் இருக்கும். ஊரில் எங்கே சைக்கிள் காணாமல் போனாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தால் அவன் வாழ்க்கை திரும்பிவிடும். போலீஸ் சரிபார்ப்பில் அந்தப் பழைய வரி வந்து நின்றால் மேஸ்திரியின் வேன்தான் மிச்சம். இல்லத்திலிருந்து வருபவனுக்கு இருபத்தொரு வயது வரை உதவச் சட்டம் வழி வைத்திருப்பதை எந்த மாவட்டம் மனப்பூர்வமாகச் செய்கிறது? பிள்ளை வளர்க்கத் தெரியாத ஊர் என்று திருப்பதியைச் சொல்ல முடியாது. ஆதரவற்ற பிள்ளைகளைத் தேவஸ்தானத்தின் பாலமந்திரம் பல பத்தாண்டுகளாக வளர்த்துப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கரிசனம் ஜுவைனல் ஹோமின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

கொடூரமான குற்றம் செய்த பையனும் இருக்கிறான். அவன் நீண்ட காலம் கண்காணிப்பில் இருக்க வேண்டியவன்தான். அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பிடம் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. அவனைக் காட்டிப் பேட்டரி திருடியவனையும் கோடரி பிடித்தவனையும் சேர்த்துக் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

இதைப் படிப்பவர்களில் வழக்கறிஞர்கள், நிருபர்கள், ஆசிரியர்கள் இருப்பீர்கள். சித்தூர், திருப்பதி, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த ஓராண்டில் குழுமம் எத்தனை முறை பெரியவர் சிறைகளைச் சோதித்தது? எத்தனை வெளிமாநிலச் சிறாரின் வழக்குகள் சொந்த ஊருக்கு மாற்றப்பட்டன? இளைஞர் நீதிச் சட்டம் 83-லும் நியாய சன்ஹிதா 95-லும் எத்தனை பெரியவர்கள் மேல் வழக்கு இருக்கிறது? மனுவுக்கு ஆகும் செலவு பத்து ரூபாய். வருகிற பதிலை அச்சிடுங்கள், பூஜ்யமாக இருந்தாலும்.